பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் ஓடிய பிரெஞ்சு

எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் எதையும் நேராகக் கேட்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் போட்டவள் அத்தை. சோறு வேண்டும் என்று கேட்டால் சோறு வராது. சோறு வேண்டியிருந்திருக்கும் என்று கேட்க வேண்டும். நான் தட்டை நீட்டி, "அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு வேண்டியிருந்திருக்கும்" என்பேன். அம்மா சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மிச்சம் இருந்திருந்தா நானும் ஊத்தியிருந்திருப்பேன்" என்பாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அவருக்கும் அவர் தங்கையான அத்தைக்கும் அது பரம்பரை வழக்கம் என்று அம்மா சொல்வாள்.

இத்தனைக்கும் காரணம் பிரெஞ்சு. போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் நாங்கள் குடியிருந்த பாம்பூஃப்ளாட்டில் தமிழ் பேசலாம், மலையாளம் பேசலாம், தெலுங்கும் பெங்காலியும் பேசலாம். எல்லோரும் ஒரே இடத்தில் கூடிவிட்டால் ஹிந்தி பேசலாம். பிரெஞ்சு பேச மட்டும் ஓர் ஆள் கிடையாது. ஆனால் நாங்கள் காரைக்கால்காரர்கள். அந்த ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது அத்தை அங்கே கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன கொஞ்ச காலத்தில் அத்தையைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாத்தம் தீவில் மரம் அறுக்கும் மில்லில் வேலையாக இருந்த அப்பா, தங்கையைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார். அவளோடு ஒரு தகரப்பெட்டியும், பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சு இலக்கணப் புத்தகமும் வந்தன. அந்தப் புத்தகத்தைப் பல வருஷம் நாங்கள் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம்.

கதவடியிலிருந்து அது மறுபடி கைக்கு வந்தது, அத்தைக்கு ஒரு வரன் வந்ததால். பையன் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். கல்யாணம் முடிந்தால் அத்தை நேரே பிரெஞ்சு நாட்டு மார்செய் பட்டணம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மில்லிலிருந்து வந்தவர் தலைமுடியில் இருந்த சிவப்பு மரத்தூளைக்கூடத் தட்டாமல், "அம்மா சாகறப்ப இவ கையை எங்கையில புடிச்சுக் குடுத்துச்சு. இப்பத்தான் எனக்கு மூச்சு வருது" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை அப்போது போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் காலையில் நீலக் குடையை எடுத்துக்கொண்டு பாம்பூஃப்ளாட் துறையில் ஃபெர்ரி ஏறி சாத்தத்தில் இறங்கி ஆபீசுக்குப் போவாள். என் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தான் என்பதால் நானும் கூடப் போவேன். சாயங்காலம் வந்ததும், பெரிய ஆபீசர் எழுதிய இங்கிலீஷில் இன்றைக்கு எத்தனை தப்பைத் திருத்தினாள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். வரன் விஷயத்தை அப்பா சொன்னபோது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அண்ணே, அங்க எனக்கு ஆபீஸ் வேலை கிடைக்குமா?"

"உனக்கென்ன தலையெழுத்தா, அங்க போயும் தட்டிக்கிட்டே இருக்க? மகாராணியா உக்காந்திரு" என்றார் அப்பா.

அத்தை சரி என்று தலையாட்டினாள். அப்பாவிடம் அவள் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வளர்த்த அண்ணன் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

வரனுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பெண் பார்க்க வரப்போவது பையனின் பெரியம்மா. அவர் பெண்ணுக்குப் பிரெஞ்சில் பரீட்சை வைப்பார். இந்தப் பெரியம்மாவின் கதையை அப்பா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று தவணை வைத்தார்கள். பெரியம்மாவின் வீட்டுக்காரர் இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று இருந்து தவணையைத் தவறவிட்டார். அன்றிலிருந்து பெரியம்மா, தான் பிரெஞ்சுக்காரியாக ஆகியிருக்க வேண்டியவள் என்ற ஆற்றாமையில், பிரெஞ்சுக்காரிகளைவிட ஒரு படி அதிகமாகப் பிரெஞ்சுக்காரியாக இருந்து வந்தார். அவருடைய கொள்கை ஒன்றை வரன் கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனார். கடையில் போய் எனக்கு இது வேண்டும் என்று கேட்பவள் கூலிக்காரியாம். எனக்கு இது வேண்டியிருந்திருக்கும் என்று கேட்பவள்தான் மதாமாம். பரீட்சை அதில்தான்.

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் சரியாக அந்த அத்தியாயத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. அதற்குள் பிரெஞ்சுக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள், அவளும் கப்பலேறிவிட்டாள்.

ஆகவே அத்தை தானே படிக்க ஆரம்பித்தாள், அவளுக்கு வாத்தியார் நான். எனக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியும். அத்தை புத்தகத்தைப் பார்க்காமல் எழுத்து எழுத்தாகச் சொல்வாள், நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சரியா தப்பா என்று சொல்வேன். தப்பு என்று சொல்வதில் எனக்கு இருந்த ஆனந்தம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் சமையல், துவைப்பு என்று நேரம் கிடைக்காததால் ஃபெர்ரிதான் வகுப்பறை.

ஃபெர்ரியின் எஞ்சின் டுப்பு டுப்பு என்று அடிக்கும். அந்தத் தாளத்துக்கு அத்தை தலையை ஆட்டிக்கொண்டு, "ஜொரே, த்யு ஒரே, இல் ஒரே, நூ ஸொரியோன், வூ ஸொரியே, இல் ஸொரே" என்று ஓட்டுவாள். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று வரிசை. இதன் பின்னால் எந்த வினையைக் கொண்டுவந்து கோத்தாலும் அது நடந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். வூலு என்று கோத்தால் வேண்டியிருந்திருக்கும். மான்ஜே என்று கோத்தால் சாப்பிட்டிருப்பேன்.

படகை ஓட்டும் சாரங்கு கீழக்கரைக்காரர். நான் அவரைச் சாரங் மாமா என்று கூப்பிடுவேன். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அவர் சுக்கானைப் பிடித்தபடியே கேட்டார்.

"க்யா ஹை தங்கச்சி, தினம் தினம் என்னமோ ஓதுறீங்க? என் எஞ்சின் நின்னுடாம இருக்கவா?"

"ஓதல பாய். பிரெஞ்சு பாடம். நடந்திருக்கும், ஆனா நடக்கலைன்னு சொல்றதுக்கு."

"அதுக்குன்னு தனியா ஒரு பாடமா?"

"முழுசா ஒரு அத்தியாயமே இருக்கு பாய்."

சாரங் மாமா ஒரு மிதவையை ஒதுக்கிப் படகைத் திருப்பினார். பிறகு, "அச்சா. அப்ப எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. எங்க வாப்பா விட்டிருந்தா நான் ரங்கூனுக்குப் போயிருப்பேன்" என்றார்.

அத்தை புத்தகத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் புரட்டிப் பார்த்து, "ஜ ஸெரே அல்லே ஆ ரங்கூன்" என்றாள்.

அவர் அதை அன்றைக்குச் சாத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். வாப்பா தடுத்த ரங்கூனுக்கு அன்று காலையில் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. இறங்கும்போது அத்தைக்குக் கை கொடுத்து உதவி, "மெஹர்பானி தங்கச்சி" என்று நன்றி சொன்னார்.

அதோடு விட்டதா? மறுநாள் எங்களுக்கு எதிர் பலகையில் காய்கறிக் கூடையோடு உட்காரும் பெங்காலிக்காரர், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடுபவர், தன்னுடையதைக் கொண்டுவந்துவிட்டார். "தேஷ் நஹீ டூட்தா தோ ஹம் இதர் நஹீ ஆதா. போலோ தீதி." நாடு உடையாமல் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன், இதைச் சொல்லு அக்கா. கத்தரிக்காயை நிறுத்துப் போடுகிற அதே குரலில்தான் சொன்னார். அத்தை அதையும் பிரெஞ்சில் செய்து கொடுத்தாள். விசாகப்பட்டினம் பக்கத்து மீன்கார அம்மா கூடையின் மேல் போட்டிருந்த சாக்கை விலக்கி ஈயை விரட்டிவிட்டு, தன் புருஷனைக் கட்டாமல் இருந்திருந்தால் சினிமாவில் சேர்ந்திருப்பேன் என்றாள். "அதுக்குப் பிரெஞ்சுல இருக்கா, லேதா?" இருக்கிறது என்று அத்தை சொன்னதும் படகே சிரித்தது.

கொஞ்ச நாளில் அந்த ஃபெர்ரியில் பிரெஞ்சு தெரியாதவர்கள் யாரென்றால், எப்போதாவது சாத்தம் சந்தைக்குப் போகும் ஓர் ஆடுதான். எஞ்சின் கிளம்பியதும் சாரங் மாமா, "சலோ, ஜொரே!" என்பார். எல்லோரும் ஒரே குரலாக ஆரம்பிப்பார்கள். நூ ஸொரியோனில் மட்டும் பாதிப் பேர் தடுக்கி விழுவார்கள்.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. போவது, வருவது, கிளம்புவது, சேர்வது, தங்குவது, பிறப்பது, சாவது இதற்கெல்லாம் ஜொரே வராதாம். ஜ ஸெரே என்று தனித் துணை வேண்டுமாம். அத்தை இதை விளக்கியதும் சாரங் மாமா கையை விரித்தார். "இதுல என்ன கஷ்டம்? போறது, வர்றது, கிளம்புறது எல்லாம் நம்ம ஃபெர்ரி டிபார்ட்மென்ட். மத்ததெல்லாம் வேற டிபார்ட்மென்ட்." அத்தைக்கு அதன் பிறகு அது மறக்கவே இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தை இன்னொன்றும் சொன்னாள். இந்த ஃபெர்ரி வினைகளில் போனது பெண்ணாக இருந்தால் கடைசியில் ஓர் எழுத்து கூட வரும். எழுத வேண்டும், ஆனால் சத்தம் கிடையாது.

"பொம்பளை எங்க கிளம்பினாலும் கூட ஒரு மூட்டை சேர்ந்துக்கும்" என்றாள் அம்மா. "வாயைத் திறக்காம தூக்கிட்டும் போகணும். நல்லா வெச்சிருக்கான் வெள்ளைக்காரன்."

இந்தப் பாடம் நடந்த காலத்தில் அத்தையைப் போலச் சந்தோஷமாக இருந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆபீசில் கைவிரல் தட்டுவதும் அந்தத் தாளத்தில்தான் என்றாள். குடையைச் சுழற்றிக்கொண்டே துறைக்கு நடப்பாள். மார்செய் போகப்போகிற மகிழ்ச்சி அது என்று நான் தீர்மானித்தேன். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஆனாலும் அவளுக்கு அவ்வளவு ஆசை இருக்கும்போது நாம்தான் பாஸ் பண்ண வைக்க வேண்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, இன்னும் கறாராகத் தப்புக் கண்டுபிடித்தேன்.

மெயின்லேண்ட் கப்பல் எப்போது வரும் என்பது அந்தக் காலத்தில் கப்பலுக்கே சரியாகத் தெரியாது. திடீரென்று ஒரு நாள், நாளைக் காலையில் சாத்தத்தில் கட்டுகிறது என்று அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். அதில் பெரியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வருகிறார்கள். வீடு தலைகீழாயிற்று. அம்மா பண்டிகைக்கு எடுத்து வைத்த கோப்பைகளைக் கழுவினாள். அத்தை முற்றத்தில் அடுப்பு மூட்டி, தேங்காய்ப் பாலும் வெல்லமும் அரிசிமாவும் போட்டுத் தொதல் கிண்ட உட்கார்ந்தாள். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் விருந்தாளிக்குத் தொதல் வைக்காவிட்டால் கௌரவக் குறைச்சல். கை வலிக்க வலிக்கக் கிண்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

"பாவம், நாலு நாளா கப்பல்ல ஆடி ஆடி வருவாங்க" என்றாள் அத்தை, துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இறங்கினதும் காதுல நாலு பிரெஞ்சு வார்த்தை விழுந்தா களைப்பெல்லாம் பறந்துடும். இந்த ஊர்ல யார் சொல்லப் போறாங்க?"

"சாரங் மாமா சொல்வாங்களே அத்தை! ஃபெர்ரியில எல்லாரும் சொல்வாங்களே!"

"அவங்களா? அவங்களுக்கு எப்படித் தெரியும், இவங்க நாளைக்கு வர்றாங்கன்னு? யாராவது முன்னாடியே போய்ச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

நான் விசிறியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"நல்லா சத்தமா சொன்னாத்தான் அவங்களுக்குக் கேக்கும். வயசானவங்க" என்றாள். பிறகு, "பாப்பா, நான் ஒண்ணும் சொல்லல."

"தெரியும் அத்தை, நீங்க ஒண்ணும் சொல்லல."

கடைசி ஃபெர்ரி துறையில் கட்டியிருந்தது. சாரங் மாமா விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம தங்கச்சி கல்யாணம். இது இஜ்ஜத் விஷயம், நம்ம மானம். நீ போ, நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் திரும்பி வந்தபோது அத்தை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துடுப்பு நுனியில் இருந்த சூடான தொதலை வழித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

மறுநாள் காலை அப்பாவும் நானும் சாத்தம் துறைக்குப் போனோம். அத்தை மணப்பெண் முறைப்படி வீட்டிலேயே இருந்தாள். கப்பலிலிருந்து இறங்கிய பெரியம்மா எனக்குப் பிடித்தமாகத்தான் இருந்தார். மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை, முகத்தில் பவுடர், கையில் ஓடிகோலன் நனைத்த கைக்குட்டை. "போன்ஜூர்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா பதிலுக்குக் கும்பிட்டார். பெரியம்மாவின் வீட்டுக்காரர் ஒல்லியான மனிதர். இரண்டு பெட்டிகளையும் அவர்தான் தூக்கி வந்தார். தவணையைத் தவறவிட்டவர் இவர்தானா என்று நான் அவரை உற்றுப் பார்த்தேன். அவர் எனக்குக் கண்ணடித்தார்.

ஃபெர்ரியில் அவர்களுக்காகக் கூரைக்குக் கீழே நல்ல இடமாக விட்டு வைத்திருந்தார்கள். சாரங் மாமா சலவைச் சட்டை போட்டிருந்தார். தோள் துண்டால் பலகையைத் துடைத்து, "பைட்டியே மதாம்" என்று ஹிந்தியும் பிரெஞ்சுமாக வரவேற்றார். பெரியம்மாவின் புருவம் லேசாக உயர்ந்தது. படகு நடுத்தண்ணீருக்கு வந்ததும் சாரங் மாமா ஒரு விசில் அடித்தார்.

"ஏக், தோ, தீன்... ஜொரே!"

"ஜொரே! த்யு ஒரே! இல் ஒரே!" என்று மொத்தப் படகும் தொண்டை கிழியக் கத்தியது.

பெரியம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார். சாரங் மாமா சுக்கானை விடாமலே உடம்பைத் திருப்பி, "ஜ ஸெரே அல்லே ஆ ரங்கூன்!" என்று முழங்கினார். பெங்காலி தாதா எழுந்து நின்று தன் வாக்கியத்தைச் சொல்லி, சொன்னதற்கு அடையாளமாக நெஞ்சில் தட்டிக்கொண்டார். மீன்கார அம்மா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு நெய்மீனை வாலைப் பிடித்துத் தூக்கி மதாமின் முகத்துக்கு நேரே காட்டி, "ஜொரே வூலு!" என்று குழைந்தாள். அன்றைக்கென்று ஆடும் வந்திருந்தது. அதுவும் தன் பங்குக்குக் கத்தியது. நூ ஸொரியோன் வந்த இடத்தில் எல்லோரும் வழக்கம்போலத் தடுக்கி நின்றார்கள்.

அப்போது பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த அந்த ஒல்லி மனிதர் மெதுவாக, சுத்தமான உச்சரிப்பில், "நூ ஸெரியோன் பார்த்தி" என்றார். பிறகு என்னிடம் குனிந்து, "நாம கிளம்பிப் போயிருப்போம்னு அர்த்தம், பாப்பா" என்றார். படகு ஆரவாரித்தது. சாரங் மாமா இரண்டாம் விசில் அடித்தார். பெரியம்மா தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அத்தை தலைகுனிந்து காபி கொண்டுவந்து வைத்தாள். பெரியம்மா தொதல் தட்டிலிருந்து நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார். மார்செயில் ரொட்டிக் கடைக்குப் போனால் எப்படிக் கேட்பாய் என்று கேட்டார். அத்தை நிமிர்ந்து, ஒரு சின்னப் பிசிறும் இல்லாமல், "ஜொரே வூலு அன் பேன், ஸில் வூ ப்ளே" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகச் சரி பார்த்தேன். தப்பே இல்லை.

"சரியாத்தான் சொல்ற" என்றார் பெரியம்மா. "இதையேதான் அந்த மீன்காரியும் சொன்னா."

"மீன்காரங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன் பெரியம்மா" என்றாள் அத்தை, பணிவே உருவாக.

பெரியம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, இத்தனை வருஷமா இந்தப் பாஷையை நாங்க பட்டுச்சேலை மாதிரி மடிச்சுப் பூட்டி வெச்சிருக்கோம். இங்க என்னடான்னா ஆட்டுக்குட்டி ஏத்துற போட்டுல அவனவன் உடுத்திட்டுத் திரியறான். எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு இப்படிக் கண்டவங்களோடயெல்லாம் வாய் குடுத்து..." என்று நிறுத்திக் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறோம்."

ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது தமிழ்நாட்டிலிருந்து எத்தனை கடல் தாண்டி வந்தாலும் மாறுவதில்லை. போர்ட் பிளேரில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிக்கொள்கிறோம் என்று அவர்கள் அடுத்த ஃபெர்ரிக்கே கிளம்பினார்கள். ஒல்லி மனிதர் மட்டும் வாசலில் தயங்கி, ஒரு பெரிய துண்டு தொதலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நடந்தது எதுவும் தெரியாத சாரங் மாமா அவர்களைச் சும்மா விடுவாரா? ஃபெர்ரி துறையை விட்டு நகர்ந்ததும் விசில் கேட்டது. பின்னால் ஜொரே, த்யு ஒரே என்று தண்ணீருக்கு மேல் மிதந்து வந்து எங்கள் வீட்டுச் சமையலறைவரை கேட்டது.

அத்தை அங்கே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, முந்தானையை வாயில் திணித்திருந்தாள். தோள் குலுங்கிக் குலுங்கி நின்றது. எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அழாதீங்க அத்தை, எல்லாம் என்னாலதான், நான்தான் சாரங் மாமாகிட்ட சொன்னேன்" என்று கதறினேன். அத்தை என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அம்மா வாசற்படியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "விடு, அழட்டும். அழுது முடிச்சா பசிக்கும்" என்று சொல்லிக் குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அத்தைதான் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணே, நான் நல்லாத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். அப்பா அவள் தலையில் கையை வைத்து, "நல்லா சொன்னம்மா. அவங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றார். அதைக் கேட்டு அத்தை நிஜமாகவே கொஞ்சம் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அப்பா சாப்பிட்டார்.

மறுநாள் காலை அத்தை வழக்கம்போல நீலக் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். விருந்தாளிகள் மிச்சம் வைத்த தொதலையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"சாரங் பாய்கிட்ட குடு. எல்லாருக்கும் குடுக்கச் சொல்லு."

"எதுக்கு அத்தை?"

"சும்மாத்தான்."

ஃபெர்ரிக்குச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சாரங் மாமா விசில் அடிக்கவில்லை. பெங்காலி தாதா கூடைக்குள் கத்தரிக்காயைத் தேடுவது போலத் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். மீன்கார அம்மா அத்தையைப் பார்த்ததும் மூக்கைச் சிந்தினாள். அத்தை சும்மாத்தான் என்றாலும், எனக்கு அந்தத் தொதலின் அர்த்தம் பளிச்சென்று புரிந்துவிட்டது. டின்னை இரண்டு கையாலும் நீட்டி, "மாமா, அத்தை உங்க எல்லாரையும் மன்னிச்சுட்டாங்க" என்றேன்.

சாரங் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லா அந்தத் தங்கச்சியை நல்லா வெக்கணும்" என்று ஒரு துண்டை எடுத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே படகை ஓட்டினார். டின் கை கைக்கு மாறியது. எல்லோரும் துக்க வீட்டில் உட்கார்ந்தவர்கள் போலத் தொதல் தின்றார்கள். அப்போது கோடிப் பலகையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "என்ன பாய், இன்னிக்குப் பாடம் கிடையாதா?" சாரங் மாமா நம்பாமல் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, "ஜொரே" என்றார். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

அத்தை குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மறுபடி குலுங்கத் தொடங்கியது. பாவம், இன்னும் துக்கம் ஆறவில்லை என்று நான் போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கைப்பையைத் திறந்து, எனக்கென்று தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். டின்னில் இருந்த எல்லாவற்றையும்விட அது பெரியது.

"உனக்குத்தான் பெருசு" என்றாள்.

ஏன் எனக்குப் பெரியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்னையும் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, சாத்தம் வரும்வரை அதைக் கடித்துக் கடித்துத் தின்றேன். அது மன்னிப்பு இல்லை, தூது போன கூலி என்று தெரிய, பல வருஷம் கழித்து எனக்கே ஒரு வரன் வர வேண்டியிருந்தது.